உஜியில் ஒரு மாலை: தேநீர் முதலில், நூடுல்ஸ் கடைசியில்

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். கல்லூரித் தோழி ஒருத்தி எட்டு வருடம் கழித்து மதுரையிலிருந்து வருகிறாள். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மாலைதான். ஜப்பானியத் தேநீர், இனிப்பு, நூடுல்ஸ் எல்லாம் காட்ட ஆசை. ஆனால் அவள் சுத்த சைவம், அதோடு ஃபில்டர் காபிப் பைத்தியம். மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளின் கசப்புக்கு முகம் சுளிப்பாளோ, பேச்சு பாதியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒசாகா வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு, ஒரே மாலை என்பதற்காக ஐந்தாறு கடைகளைத் திணிக்காதீர்கள். தேநீருக்கும் இனிப்புக்கும் ஒரு கடை, நூடுல்ஸுக்கு ஒரு கடை. அது போதும். தேநீருக்கு, கியோட்டோவுக்குத் தெற்கே இருக்கிற தேயிலை ஊரான உஜிக்கே போய்விடுங்கள். அங்கே பல தேநீர்க் கடைகள் ஐந்து மணி வாக்கிலேயே சாத்திவிடுவதால் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள்.

யொடொயபாஷியில் கெய்ஹான் ரயில் ஏறி, சூஷோஜிமாவில் மாறினால் உஜி. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆறும் பாலமும். பாலத்தின் இந்த முனையிலேயே, 1160 முதல் நடப்பதாகச் சொல்லும் ட்சூவென் தேநீர்க் கடை இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் பியோடோயின் கோயிலுக்குப் போகும் தெரு. கைப்பையில் ஒரு பத்து யென் நாணயம் வைத்திருங்கள். 1053-இல் கட்டிய அந்தக் கோயில் மண்டபம்தான் நாணயத்தில் இருக்கிறது. இரண்டையும் அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்தத் தெருவில் ஹோஜிச்சா, அதாவது வறுத்த தேயிலை, தயாராகிற வாசனை வரும். காபிக்கொட்டை வறுக்கிற கடை வாசலில் நின்று பழகிய மூக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. அங்கே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

அப்புறம் மாட்சா. கசப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. இலை பறிப்பதற்கு முன் இருபது நாளாவது செடிக்கு மேல் நிழல் போட்டுவிடுவார்கள். வெயில் படாததால், துவர்ப்பைத் தருகிற பொருட்கள் இலையில் அதிகம் உருவாவதில்லை. நாக்கில் நிறைவாகத் தங்குகிற சுவை மிஞ்சுகிறது. காய்ந்த இலையைக் கல் எந்திரத்தில் அரைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் தூள் விழும். ஒரு கிண்ணத்துக்குப் போடுவது சுமார் 2 கிராம். அவள் கையில் இருக்கிற கிண்ணத்துக்காக ஒரு கல் மூன்று நிமிடம் சுற்றியிருக்கிறது. இதை மட்டும் சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கொடுங்கள்.

கேட்கும்போது 'உசுச்சா' என்று கேளுங்கள், அது நீர்த்தது. கெட்டியான 'கொய்ச்சா' முதல் முறைக்கு வேண்டாம். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தேநீரைக் குடிக்கச் சொல்லுங்கள், தேநீர்ச் சடங்கிலும் அதுதான் வரிசை. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்தபடி வெறுந்தேநீர் குடிப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. நாக்கில் தித்திப்பு இருக்கும்போது அந்தக் கசப்பு தேவையாகவே தோன்றும்.

இனிப்பில் சைவத்துக்குப் பெரிய சிக்கல் இல்லை. யோகான் என்பது அசுகிப் பயறும் சர்க்கரையும் கடல்பாசியும்தான். வராபி மோச்சி மாவுச்சத்தில் கிண்டியது, மேலே வறுத்த சோயா மாவு. பயற்றுப் பூரணம் வைத்த அப்பம் போன்ற தொராயாகியில் முட்டை உண்டு. ஐஸ்கிரீம் அடுக்கிய பர்ஃபே வாங்கினால் அதில் இருக்கிற ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது நூடுல்ஸுக்குத்தான். ஒருமுறை என் தோழியை அழைத்துப் போய், 'மீன் வேண்டாம்' என்று சொல்லி சோபா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் தொட்டுக்கொள்ளும் சாறே மீனில் எடுத்தது என்று தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டுக் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தாள். இன்னும் எனக்கு அது உறுத்துகிறது. அந்த 'தாஷி' சாறு எடுக்கிற கத்சுவோபுஷி, நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டுமே சூரை மீனில் செய்வது. துண்டு மீன் எதுவும் கண்ணில் படாததால் பரிமாறுகிறவர்களுக்கும் அது மீனாகத் தோன்றுவதில்லை. அதனால் வெறுமனே 'சைவம்' என்று சொன்னால் போதாது. உஜியிலிருந்து கியோட்டோவுக்குத் திரும்பி கியோன் பக்கம் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்பே கடைக்குப் போன் செய்து, 'கொம்பு' என்கிற கடல்பாசியிலும் ஷிடாகே காளானிலும் எடுத்த தாஷி கிடைக்குமா என்று கேளுங்கள். புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் அதுதான் வழக்கம், ஆகவே கியோட்டோவில் கேட்டால் புரியும். கிடைக்காவிட்டால் ஜாரு சோபா என்கிற குளிர்ந்த சோபாவுக்குச் சோயா சாஸும் துருவிய முள்ளங்கியும் போதும். பன்றி எலும்பில் கொதிக்கிற ராமென் கடைப் பக்கமே போக வேண்டாம்.

பேச்சு நின்றுவிடுமோ என்கிறீர்கள். நிற்கட்டுமே. எட்டு வருடத்தையும் ஒரே மாலையில் பேசித் தீர்க்க முடியாது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலும் அவள் தவறாக நினைக்க மாட்டாள். வழிகாட்டி மாதிரி விளக்கிக்கொண்டே போனால்தான் அவளுக்குச் சொல்ல இருப்பதைச் சொல்ல இடமிருக்காது.

சோபா முடிந்ததும் ஒரு சின்னக் கூஜாவில் சுடுநீர் கொண்டுவந்து வைப்பார்கள். அது சோபா வேகவைத்த தண்ணீர், பெயர் சோபாயு. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று நீங்கள் சொல்லவே வேண்டாம். முதலில் அவள் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.