சமீபத்திய பேய்ப் படங்களும் திரில்லர்களும் ஏன் பயமுறுத்துவதே இல்லை? எதைப் பார்க்கலாம்?

"பிரமயுகம், நோஸ்ஃபெராட்டு, லாங்லெக்ஸ் என்று எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய படங்களை ஓடிடியில் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது" என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் ஊகிப்பது கஷ்டமில்லை. ஹாலில் டியூப்லைட் எரிந்திருக்கும், ஃபேன் ஐந்தில் ஓடியிருக்கும், டிவி கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே பளபள விவிட் மோடில் இருந்திருக்கும், கையில் போனும் இருந்திருக்கும். நீங்கள் சொன்ன மூன்று படங்களுமே இருட்டையும் அமைதியையும் நம்பிப் பிழைப்பவை. அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் மிச்சம், மெதுவாக நடந்துபோகும் நாலு பேர்தான்.

"ஹோம் தியேட்டர் வைத்திருப்பவரின் திமிர்" என்று கீழே கமெண்ட் வரும், தெரியும். இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மிச்சத்துக்கு 300 ரூபாய் வயர் இயர்போன் போதும்.

முதலில் படம். டிவி ரிமோட்டில் பிக்சர் மோடுக்குப் போய் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு வையுங்கள். அதன் பிறகு, படத்தை வழுவழுவென்று ஓட்டிக் காட்டும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ் என்று இருக்கும். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். நடுவில் இல்லாத ஃப்ரேமை டிவி தானாகக் கற்பனை செய்து நுழைத்தால் பேயும் சீரியல் மாமியார் மாதிரிதான் தெரியும். பவர் சேவிங்கையும், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சாரையும் அணைத்துவிடுங்கள். இருட்டான காட்சி வந்ததும் இவைதான் திரையை இன்னும் மங்கவைக்கும்.

"ஒண்ணுமே தெரியலையே" என்று நிறையப் பேர் உடனே பிரைட்னஸைக் கூட்டுவார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவு. அதைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும். கூட்ட வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை. காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களின் அளவு) என்று ஒன்று இருந்தால் இருட்டறைக்கு 2.4, கொஞ்சம் வெளிச்சமுள்ள அறைக்கு 2.2. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கண் உறுத்தினால் டிவிக்குப் பின்னால் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்குதான் திரையில் விழுந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க நல்ல பரீட்சை 2018-இல் வந்த ஹெரடிட்டரி. கடைசிப் பகுதியில் மகன் இருட்டறையில் படுக்கையில் எழுந்து உட்காருவான். கேமரா அசையாது, இசை எகிறாது, யாரும் எதையும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். அந்த அறையின் மேல்மூலையில் ஒன்று இருக்கிறது. டிவி சரியாக இருந்தால் சில வினாடி கழித்து அது தானாகக் கண்ணில் படும், வயிறு கலங்கும். தவறாக இருந்தால் ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷாட்டைப் பார்த்துவிட்டு "ஸ்லோ படம்" என்று ஒரு ஸ்டார் போடுவீர்கள்.

லாங்லெக்ஸும் அதே கதைதான். பின்னணி நிழலுக்குள் உருவங்களை ஒளித்துவைத்து எடுத்த படம். அதில் 1970-களில் நடக்கும் பகுதிகள் கிட்டத்தட்ட சதுரமான ஃப்ரேமில் வரும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று ஜூம் போட்டு நிரப்பாதீர்கள். முதல் காட்சியிலேயே கொலைகாரன் லாங்லெக்ஸின் முகத்தைக் கண்ணுக்கு மேலே காட்டாமல் ஃப்ரேமின் விளிம்பால் வெட்டியிருப்பார் இயக்குநர் ஆஸ்குட் பெர்கின்ஸ். அவன் குனியும்போதுதான் முகம் உள்ளே வரும். ஜூம் போட்டவருக்கு அந்த வெட்டு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இதையெல்லாம் சொன்னாலும் லாங்லெக்ஸின் கடைசி இருபது நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை மறைத்துவைத்த எல்லாவற்றையும் ஒரு கதாபாத்திரம் வரிசையாகச் சொல்லி முடிக்கிறது.

நோஸ்ஃபெராட்டுவை ராபர்ட் எகர்ஸ் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார். நிலவொளிக் காட்சிகளில் நிறமே வடிந்துபோயிருக்கும், உள்ளறைக் காட்சிகளில் மெழுகுவர்த்திதான். இந்த மாதிரி இருட்டைத்தான் குறைந்த வேக ஸ்ட்ரீமிங் முதலில் கொல்லும். சுவரில் விழும் நிழல் படிப்படியாகப் பட்டை பட்டையாக உடையும், மூலைகளில் சதுரக் கட்டங்கள் நெளியும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளான் 480பி என்ற குறைந்த தரம்தான் தரும். அதில் காமெடி பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. நெட் வேகம் குறையும் மாலை நேரத்தைவிட, தரவிறக்கி வைத்துக்கொண்டு உயர்ந்த தரத்தில் பார்ப்பது மேல்.

அடுத்தது சத்தம். என்னைக் கேட்டால் படத்தைவிட இதுதான் முக்கியம். தியேட்டரின் ஒலியை அளந்து சீராக்கும்போது ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபல் என்று வைத்துவிட்டு, அதற்கு மேலே உச்சத்துக்கு இன்னும் 20 டெசிபல் இடம் விடுவார்கள். முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரம்தான் பயம். டிவியில் ஆட்டோ வால்யூம், நைட் மோடு என்று எது இருந்தாலும் அது செய்வது ஒன்றே: சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். மூச்சுவிடுவதும் கதவு இடிவதும் ஒரே அளவில் கேட்கும். அணையுங்கள். முதல் பத்து நிமிடத்தில் சாதாரணப் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு ரிமோட்டைத் தள்ளிவையுங்கள். அமைதியான காட்சியில் கூட்டி, அலறலில் குறைத்துக்கொண்டே இருந்தால் அந்த ஆட்டோ வால்யூம் வேலையை நீங்களே செய்கிறீர்கள்.

பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் அந்தப் பாயின்ட் ஒன்று என்பது அடித்தொண்டை உறுமலுக்கான தனித்தடம். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது பெரும்பாலும் அதைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஒன்றுமே நடக்காத காட்சியில் ஏனென்று தெரியாமல் நெஞ்சு அடைப்பதற்குப் பெரும்பாலும் அந்தத் தடம்தான் காரணம், அது உங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சவுண்ட்பார் இருந்தால் ஆப்டிகல் வயரை விட்டுவிட்டு ஏஆர்சி என்று போட்டிருக்கும் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள், ஒலி வெளியீட்டை பிசிஎம்மிலிருந்து ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு (டிவி கைவைக்காமல் ஒலியை அப்படியே அனுப்புவது) மாற்றுங்கள். இல்லாவிட்டால் இயர்போன், ஃபேன் இரண்டில். அறை புழுங்கும்தான், என்ன செய்வது.

சப்டைட்டிலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. மொழிப் பட்டியலில் "ஆங்கிலம்" என்றும் "ஆங்கிலம் சிசி" என்றும் இரண்டு இருந்தால் சிசி வேண்டாம். அது காது கேளாதவர்களுக்கானது, அவர்களுக்கு அவசியமும்கூட. நமக்கோ, "பின்னால் காலடிச் சத்தம் நெருங்குகிறது" என்று காலடிக்கு முன்பே எழுத்தில் வந்து நிற்கும். தமிழ் டப்பிங்கையும் தவிர்க்கப் பாருங்கள். டப்பிங் கலைஞர்களைக் குறை சொல்லவில்லை. நடிகர் பேசும்போது மைக்கில் பதிவான மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாம் வசனத் தடத்தோடு சேர்ந்து போய்விடுகின்றன, பதிலுக்கு ஸ்டூடியோவில் முழுத்தொண்டையில் பேசிய குரல் வருகிறது.

இப்போது படங்களின் மேல் விழும் பழி. தமிழில் நல்ல தொடக்கம் வைத்துவிட்டு ஃபிளாஷ்பேக்கில் கவிழ்வது ஒரு தொற்றுநோய். அறிவழகனின் சப்தம், 2025. ஒலியை வைத்தே பேயை ஆராயும் ஆள், மூணாறில் ஒரு கல்லூரி. முதல் பாதி காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவைக்கும். இரண்டாம் பாதியில் யார், ஏன், எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுக்க ஆரம்பித்ததும் பயம் கலைந்துவிடும். டிமான்ட்டி காலனியின் 2015 படத்தில் நாலு பேர் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்வார்கள், கதவு திறக்காது, அவ்வளவுதான் விதி. 2024-இல் வந்த இரண்டாம் பாகம் பெரிய படம், நன்றாகவும் ஓடியது, ஆனால் விதிகள் கூடிக்கொண்டே போகின்றன. விதியை ஞாபகம் வைத்துக்கொள்பவர் பயப்பட மாட்டார், கணக்குப் போடுவார். அரண்மனை 4 ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது குடும்பத்தோடு சிரிக்க எடுத்த படம், அந்த வேலையைச் செய்தது, இந்தக் கணக்கிலேயே அது வராது.

ஏன் இங்கே இன்னும் கொடூரமாக எடுப்பதில்லை என்றால் ஒரு காரணம் சான்றிதழ். ஏ வாங்கிய படத்தை வெட்டி மறுசான்றிதழ் வாங்காமல் டிவியில் போட முடியாது. சாட்டிலைட் காசை நம்பும் தயாரிப்பாளர் யு/ஏவுக்குள்தான் பேயை நடமாடவிடுவார்.

அதற்காக யு/ஏவில் பயமுறுத்த முடியாது என்று அர்த்தமில்லை. மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவனைப் பாருங்கள். 2022-இல் பூதகாலம்: ரேவதி, ஷேன் நிகம், ஒரு சாதாரண வீடு. பாட்டி இறந்த பிறகு அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் நடக்கும் சின்னச் சின்ன எரிச்சல்கள்தான் முக்கால் படம். வீட்டில் ஏதோ இருக்கிறதா, அவர்கள் மனம்தான் சரியில்லையா என்று முடிவுக்கு வர விடமாட்டார். பிரமயுகம் அதைவிடத் துணிச்சல், 2024-இல் ஒரு பெரிய நட்சத்திரத்தை வைத்து முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் கொடுமோன் போற்றியும் (மம்மூட்டி) அவர் வீட்டில் மாட்டிக்கொண்ட தேவனும் பகடை உருட்டும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். பேய் வராது, ரத்தம் இல்லை. மம்மூட்டி உட்கார்ந்த இடத்தில் சிரிக்கிறார், பகடை உருளும் சத்தம், வெளியே மழை. பணயம் வைக்கச் சொல்வது பணத்தை இல்லை என்று புரியும் இடத்தில் முதுகு சில்லிடுகிறது. விவிட் மோடில் பார்த்தால் கறுப்பு வெள்ளை நீலம் பாய்ந்துவிடும், அதனால் கலர் டோனை வார்மில் வையுங்கள்.

வெளியூர்ச் சரக்கில் ஸாக் கிரெக்கரின் வெப்பன்ஸ், 2025. இரவு 2:17-க்கு ஒரே வகுப்புப் பிள்ளைகள் 17 பேர் கைகளை விரித்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் ஒன்றே போதும். ஒவ்வொருவர் பார்வையாகக் கதை மாறும்போது பொறுமை காக்க வேண்டும். கொரியப் படமான எக்ஸூமா நம்மாட்களுக்கு எளிதில் ஒட்டும்: கல்லறை வைத்த இடம் சரியில்லை, சந்ததிக்குக் கேடு, தோண்டி மாற்று என்று ஆரம்பிக்கிறது, வாஸ்து பார்க்கிற ஊரில் இதை விளக்கவே வேண்டாம். பாதிக்கு மேல் வேறு படமாக மாறிவிடும், அது சிலருக்குப் பிடிக்காது. தி சப்ஸ்டன்ஸில் பயம் குறைவு, அருவருப்பு அதிகம். டென்னிஸ் குவைட் இறால் தின்னும் க்ளோசப்பில் அந்த மெல்லும் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

திரில்லர்களில் போர் தொழில், மகாராஜா இரண்டும் கையில் போனோடு பார்க்கக் கூடாதவை. மகாராஜாவில் காலத்தை வெட்டி ஒட்டிய விதம்தான் படமே. ஒரு ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் எது முன்னால் எது பின்னால் என்பது கைநழுவிவிடும். ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமையைத் திருப்பத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற விமர்சனம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. போர் தொழிலில் பாட்டு இல்லை, சரத்குமார் முறைத்தே கதையை நகர்த்துகிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். "தியேட்டரில் பார்த்தாலும் பயமில்லை" என்பவர்களுக்கு. தியேட்டர் ஒலிக் கருவியில் ஃபேடர் (வால்யூம் அளவு) 7 என்பதுதான் மிக்ஸ் செய்தவர் கேட்ட அளவு. "சத்தம் காதைக் கிழிக்குது" என்று நாலு பேர் கத்தியதும் பல தியேட்டர்களில் 5-க்கு இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட 7 டெசிபல் குறைவு. அமைதியான காட்சியில் ஏசி இரைச்சலும் பாப்கார்ன் பொட்டலமும்தான் கேட்கும். கத்துகிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, விளம்பரங்களைத்தான் அலறவிடுகிறார்கள், தண்டனை படத்துக்கு. அதோடு, ஏ படத்துக்கு மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அது அழுதால் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கும் பெற்றோர். இன்னொரு கும்பல், படம் வெளியான மறுநாளே "எண்டிங் எக்ஸ்பிளெய்ண்ட்" என்று கொலைகாரனின் முகத்தை யூடியூப் தம்ப்நெயிலில் போடுகிறவர்கள். அதற்கு மருந்து, படத்தைத் தேடும்போது பெயரோடு ஆண்டை மட்டும் போட்டு ஓடிடி செயலிக்குள்ளேயே தேடுவது.

வரிசை கேட்டால்: முதலில் பூதகாலம், அடுத்து போர் தொழில், எக்ஸூமா, வெப்பன்ஸ். அதற்குப் பிறகு, செட்டிங்கை மாற்றிவிட்டு, பிரமயுகத்தை இன்னொரு தடவை. ஸ்கினமரிங்க் என்ற படத்தை யாராவது பரிந்துரைத்தால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கிட்டத்தட்ட முழுப் படமும் சுவரையும் கூரையையும் இருட்டையும்தான் காட்டும். எனக்குப் பிடித்த படம்தான், ஆனால் தூக்கம் வருகிறது என்று புகார் சொல்பவருக்கு அதைக் கொடுப்பது பாவம்.