மழைக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் சுவிட்சை மாற்ற வேண்டுமா?

மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, அதுவும் கறன்ட் கேத்தல் போடும் நேரத்தில், சுவிட்சை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். நான் மாற்றிக் காசை விட்டவள்.

போன கார்த்திகையில் கொக்குவிலில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மாவின் இன்சுலின் பிறிட்ஜில் இருக்கிறது. இரவில் விழுந்தால் விடியும்வரை தெரியாது. வயரிங் செய்யும் தம்பி ஒருவர் வந்து, சுவிட்ச் பழசு என்று புதிதாகப் போட்டார். மறுநாள் மழைக்கு அதுவும் விழுந்தது. "அக்கா, இதை விட்டிட்டு டிரெக்டா குடுத்து விடுறன், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் கறன்டை வெட்டி ஆளைக் காப்பாற்றத்தான் அந்தச் சுவிட்ச். கிணற்றடியில் ஈரக் காலோடு மோட்டர் போடுகிற வீட்டில் அதை எப்படிக் கழற்றுவது?

கேத்தலைப் பக்கத்து வீட்டில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வந்த வயதான ஐயா ஒருவர் மெகர் (வயரில் கறன்ட் கசிகிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். கேற் தூணில் இருந்த லைற்றின் நியூட்ரல் வயர், அதாவது கறன்ட் திரும்பிப் போகும் வயர், தோல் உரிந்து, துருப்பிடித்த இரும்பில் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த லைற்றை நாங்கள் போடுவதே இல்லை! ஆனால் சுவரில் உள்ள சுவிட்ச் கறன்ட் வரும் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். கேத்தல் மாதிரிப் பெரிய லோட் ஓடும்போது நியூட்ரலில் கொஞ்சம் வோல்ற்றேஜ் ஏறும். திரும்பும் கறன்டில் ஒரு பங்கு ஈரத்தூண் வழியாக நிலத்துக்குப் போய்விடும். போகும் கறன்டும் திரும்பி வரும் கறன்டும் சமமில்லை என்றதும் ட்ரிப் விழும். பழி கேத்தலுக்கு.

தூண் ஏன் அவ்வளவு ஈரம் என்றால், எங்கள் ஒழுங்கை வெள்ளம் ஓடிய வாய்க்காலை மதில் கட்டி மூடிவிட்டார்கள். கேட்டால் "எங்கட காணி" என்கிறார்கள். மூன்று மாதம் கேற்றடியில் முழங்கால் தண்ணீர். எழுதும்போதே கோபம் வருகிறது, விடுங்கள்.

நான் எலெக்ட்ரீசியன் இல்லை, வீட்டுக்காரி. தெரியாமல் எழுதுகிறேன் என்பவர்கள் திருத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: மெயினை நிறுத்திவிட்டு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிறகு மெயினைப் போட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஒன்றைச் செருகியதும் விழுந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஆனால் அது கேத்தல், அயன்பொக்ஸ் மாதிரிப் பெரிய லோட் என்றால் வேறு வீட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழி சொல்ல வேண்டும். எல்லாம் கழன்றும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். அதைத் திறக்காமல், மெகர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டு, வெளி லைற்றையும் மோட்டர் லைனையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்சில் உள்ள ரெஸ்ற் (Test) பட்டனை அழுத்தியும் விழவில்லை என்றால் மட்டும் உடனே சுவிட்சை மாற்றுங்கள்.