தொட்டியில் கிடப்பது நண்டா, அதன் ஓடா?

வணக்கம். தொட்டியில் நண்டு அசையாமல் கிடப்பதாகவும், தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை என்றும், எலும்பில்லாத உயிருக்கு எலும்புக்கூடு எப்படி மிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் நண்டு கழற்றிப் போட்ட ஓடுதான். முதுகோட்டின் பின்விளிம்பில் பிளவு இருக்கிறதா, கண்களை மூடியிருந்த மெல்லிய உறைகூட வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இறந்த நண்டென்றால் உள்ளே சதை இருக்கும், நாற்றமும் விரைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

நண்டுக்குச் சட்டகம் உடலுக்கு வெளியே அமைந்திருக்கிறது. கைட்டின் என்னும் உறுதியான பொருளும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்த அந்த ஓட்டின் உட்புறத்தைத்தான் தசைகள் பற்றியிருக்கின்றன. நம் எலும்பு உயிருள்ள திசு என்பதால் உடலோடு சேர்ந்து வளர்கிறது. இறுகிய ஓடு அப்படி வளராது. ஆகவே நண்டு பெரிதாக வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றி, நீரை உறிஞ்சி உப்பி, புதிய ஓடு இறுகும்வரை பதுங்கியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் உடலைத் தாங்குவது எது என்பதே எனக்கு மிகவும் வியப்பான பகுதி: நீல நண்டுகளில் சோதித்து அறிந்தபடி, மண்புழுவில் நடப்பதைப் போலவே, உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் அப்போது சட்டகமாகச் செயல்படுகிறது.

எனவே கற்களையும் மறைவிடங்களையும் கிளறாதீர்கள். ஓட்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். கால்சியத்துக்காக நண்டு அதையே தின்னக்கூடும். தொட்டியில் பெரிய மீன்கள் இருந்தால், புதிய ஓடு இறுகும்வரை அவற்றைப் பிரித்து வைப்பது நல்லது.