செடித் தொட்டிகள் வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்துமா?

கேள்வி: கும்பகோணத்தில் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. பெயின்ட், பிளைவுட் வாடை இன்னும் போகவில்லை. அம்மாவுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. காற்றைச் சுத்திகரிக்கும் செடிகள் என்று 6 தொட்டிகளுக்கு 4,800 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? - ஒரு வாசகி

பதில்: அழகுக்காக என்றால் வாங்குங்கள், அம்மாவின் மூச்சுக்காக என்றால் வேண்டாம்.

இத்தகைய விளம்பரங்கள் பெரும்பாலும் நாசாவின் 1989-ஆம் ஆண்டு ஆய்வையே காட்டுகின்றன. காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்தபோது பெயின்ட், பிளைவுட் போன்றவற்றிலிருந்து வெளிவரும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற கெடுதலான வாயுக்கள் குறைந்தது உண்மைதான். அதில் வேர்மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. ஆனால் நாம் பெட்டிக்குள் வாழவில்லை. கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கணக்கிட்டார்கள். அதன்படி பத்துக்குப் பத்தடி அறைக்கே குறைந்தது 90 தொட்டிகள் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது தொட்டியின் அடித்தட்டு. அதில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்கு கொசு முட்டையிடும். கொசு வந்தால் சுருள் கொளுத்துவோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வீசிங் உள்ளவர் படுக்கும் அறைக்கு இது எவ்வளவு கெடுதல் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பழைய வீடுகளில் வாசல் வழியே நுழைந்த காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போனது. முற்றம் இல்லாத வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், சமையலறையில் எக்சாஸ்ட் ஃபேன் பொருத்துவதும், ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிப்பதும்தான் அந்த 4,800 ரூபாய்க்கு உரிய செலவு. பிளைவுட் அலமாரிகளைச் சில வாரங்கள் பகலில் திறந்தே வையுங்கள். வாடை அடங்கும்வரை அம்மா வேறு அறையில் படுக்கட்டும். அக்கம்பக்க வயலில் வைக்கோல் கொளுத்தும் வேளையில் மட்டும் ஜன்னல்களைச் சாத்துங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் விளம்பரத் தாளையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஆதாரமின்றி இத்தகைய பலனைச் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமாகும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.