சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற நூலகர் ஒருவரின் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்தவை. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நூலகம் உண்மையாகவே பயன்பட வேண்டுமானால் நாம் என்ன செய்யலாம் என்பதையே அவை கேட்கின்றன. இம்மாவட்டத்து நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஒரு நூலகக் கட்டடம் உள்ளது. நான் பள்ளியில் படித்த காலத்தில் அது திறந்திருந்தது. இப்போது பூட்டியே கிடக்கிறது. என் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியைத்தான் தேடுகிறார்கள். நூலகத்தைத் திறக்கச் சொல்லி யாரிடம் கேட்பது?
– ஒரு தாய், ஏற்காடு வட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கட்டடம் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் இரண்டு வகை நூலகங்கள் உண்டு. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகியவை பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்குபவை. இவை தவிர, 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட நூலகங்கள் உண்டு; அவை ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. நீங்கள் சொல்லும் காலத்தைப் பார்த்தால் உங்கள் ஊரில் இருப்பது இரண்டாவது வகையாகவே இருக்க வேண்டும். சுவரில் உள்ள பலகையைப் படித்தால் தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கப் போனவர்கள், "இது எங்கள் நூலகம் இல்லை" என்ற பதிலோடு மலையேறி வந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஊராட்சி நூலகம் என்றால் ஊராட்சிச் செயலரிடமும், ஏற்காட்டிலேயே இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் மனுக் கொடுங்கள். அதைவிட வலுவானது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பத்துத் தாய்மார்கள் சேர்ந்து எழுந்து கேட்டால் அது பதிவேட்டில் ஏறும்.

ஆனால் "நூலகத்தைத் திறக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள், அடுத்த வாரம் மறுபடியும் பூட்டு தொங்கும். யார் திறப்பார், எத்தனை மணிக்குத் திறப்பார், சாவி யார் வீட்டில் இருக்கும் என்ற மூன்றுக்கும் தீர்மானத்திலேயே பதில் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் நேரம் மாலை 5 முதல் 7 வரையிலும் விடுமுறை நாட்களின் காலையிலும்தான். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடும் நூலகம், பிள்ளைகளைப் பொறுத்தவரை பூட்டிய நூலகமே. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் மலைக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் செய்வது அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களில் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, மாதந்தோறும் ஒரு மதிப்பூதியத்தை ஊராட்சி மூலமோ ஊராரின் பங்களிப்பு மூலமோ உறுதி செய்யுங்கள். ஊதியமில்லாத பொறுப்பை ஆறு மாதத்துக்கு மேல் யாரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வாசலுக்குள்ளேயே வந்து நிற்கும் ஊர்களில், பூட்டிய அறைக்குள் இருக்கும் புத்தகம் என்னவாகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாகத் திறக்காத ஓர் இரும்பு பீரோவை மலையூர் ஒன்றில் ஒருமுறை திறந்தோம். அட்டைகளின் மேல் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக வந்தன. நடுவிலிருந்து இராமபாணப் பூச்சி ஒன்று வெள்ளிக் கீற்றுப்போல் ஓடியது. எங்களோடு நின்ற சிறுமி ஒருத்தி ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கப் பார்த்தாள்; யானையின் தும்பிக்கை ஒரு பக்கத்திலும் உடல் அடுத்த பக்கத்திலுமாகப் பிய்ந்து வந்தது. அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. எனவே அடுக்குகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். வெயில் வரும் நாளில் சன்னலைத் திறந்து, புத்தகங்களை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பாச்சை உருண்டை குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. ஓலைச்சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்த வசம்பும் வேப்பிலையும் போதும். எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு, புத்தகம் கைமாறிக்கொண்டே இருப்பதுதான்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் வீடு வீடாகச் சென்று சுமார் 400 பழைய புத்தகங்களைச் சேகரித்தது. அருகிலுள்ள கிளை நூலகத்துக்குக் கொடுக்கச் சென்றபோது, நூலகர் முப்பது புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிவிட்டார். நல்ல எண்ணத்தோடு செய்வதை இப்படித் தடுக்கலாமா?
– சூரமங்கலம், சேலம்

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்த நூலகர் சரியானதையே செய்திருக்கிறார். வீடுகளிலிருந்து வரும் பழைய புத்தகங்களில் பெரும்பகுதி பாடத்திட்டம் மாறிப்போன பள்ளி நூல்கள், பழைய போட்டித் தேர்வுக் கையேடுகள், வார இதழ்க் கட்டுகள், அட்டையில்லாத நாவல்கள் ஆகியவையே. அவற்றை வாங்கி அடுக்கினால், எட்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் தட்டில் அந்தக் குழந்தைக்கான புத்தகம் இருக்காது. நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்" என்பது ஒன்று. பிள்ளைகள் பகுதியில் இது மிகக் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டிய விதி. பெரியவர் பிடிக்காத புத்தகத்தையும் பொறுத்துக்கொண்டு படிப்பார், குழந்தை எழுந்து போய்விடும், மறுபடி வராது.

உங்கள் சங்கம் உதவ விரும்பினால், நூலகரிடம் சென்று, "பிள்ளைகள் கேட்டும் உங்களிடம் இல்லாத புத்தகங்கள் எவை?" என்று கேட்டு ஒரு பட்டியல் வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், வாக்கியம் படிப்பவர், கதை முழுதும் படிப்பவர் என நிலைக்கேற்ற மெல்லிய புத்தகங்கள் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருப்பது இதற்கு நல்ல வழிகாட்டி. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு சேலம் புத்தகத் திருவிழாவுக்குச் சென்று, புதிய புத்தகங்களாக வாங்கிக் கொடுங்கள். 400 பழைய புத்தகங்களைவிட 40 புதிய புத்தகங்கள் அந்த நூலகத்துக்குள் அதிகப் பிள்ளைகளைக் கொண்டுவரும். நூலகத்தில் 1000 ரூபாய் செலுத்திப் புரவலராகும் முறையும் நெடுங்காலமாக இருக்கிறது. உங்கள் குடியிருப்பிலிருந்து பத்துப் பேர் புரவலரானாலே நூலகரின் கைக்குப் பலம் கூடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியாக இன்று நாம் செலுத்துகிறோம். வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆகவே குழந்தைகள் பகுதிக்குப் புதிய நூல் வேண்டும், குழந்தை உயரத்துக்கு ஏற்ற மேசை வேண்டும் என்று நீங்கள் கேட்பது தயவு கேட்பதாகாது.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பக்கம் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள், இன்னொரு பக்கம் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் அண்ணன்கள். சிறுவர் தட்டில் சின்னப் பிள்ளைகளின் கதைகள்தான் இருக்கின்றன. எனக்கு அங்கே இடமே இல்லை என்று தோன்றுகிறது.
– ஓமலூர்

பதில்: தங்கையே, நீ எழுதியது உன் ஒருத்தியின் குறை மட்டுமன்று. ஐந்தாம் வகுப்பு வரை ஓடி ஓடி வந்த பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் காணாமல் போவதையும், அவர்களில் சிலர் பட்டப்படிப்பு முடித்து, தேர்வாணையத் தேர்வுக்காக மட்டும் திரும்பி வருவதையும் நான் ஆண்டுதோறும் பார்த்தவன். இடையில் இருக்கும் அந்த ஏழெட்டு ஆண்டுகளுக்காக நம் சிறிய நூலகங்கள் எதையும் எடுத்து வைப்பதில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென அழகிய தனிப் பகுதிகள் உள்ளன. ஆனால் ஓமலூரில் இருக்கும் பெண்ணுக்கு ஓமலூரில்தான் ஒரு நாற்காலி வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்மார்கள் மேல் குறை சொல்ல வேண்டாம். அவர்களில் பலருக்கு வீட்டில் மின்விசிறிகூடச் சரியாக இருக்காது. நீ கேட்க வேண்டியது உனக்கான ஒரு தட்டு. நூலகத்தில் வேண்டிய நூல்களை எழுதி வைக்கக் கோரிக்கைப் பதிவேடு இருந்தால் அதில் எழுது. இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நூலகரிடம் கொடு. "நல்ல நாவல்கள் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பதிப்பகம் மூன்றையும் எழுது. உன் தோழிகள் ஐந்து பேரும் அதையே எழுதினால், அடுத்த நூல் கொள்முதலின்போது நூலகர் மேலதிகாரிக்குக் காட்ட ஓர் ஆதாரம் கிடைக்கும். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உன் வயதுப் பிள்ளைகள் இருவரையாவது சேர்க்கும்படியும் கேள்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். வயது வந்த பெண் பிள்ளை நூலகத்துக்கு வராமல் போவதற்குப் புத்தகம் மட்டும் காரணமில்லை. பூட்டியிருக்கும் கழிப்பறை, விளக்கில்லாத தெரு, கடைசிப் பேருந்தின் நேரம் ஆகியவையும் காரணம். வாசலில் ஒரு விளக்குப் போட்டுத் தருவதும் நூலகத்துக்குச் செய்யும் நல்ல உதவிதான்.

கேள்வி: என் மகன் நூலகப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டான். அபராதம் கட்டினேன். இனி அவனை நூலகத்துக்கு அனுப்பலாமா?
– அம்மாபேட்டை, சேலம்

பதில்: கண்டிப்பாக அனுப்புங்கள், அடுத்த வாரமே. அபராதத்தோடு கணக்கு முடிந்துவிட்டது. கோந்தும் மெல்லிய தாளும் கொடுத்து அடுத்த முறை கிழிசலை அவனையே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டச் செய்யுங்கள். செல்லோ டேப் வேண்டாம். சில ஆண்டுகளில் அது பழுப்பேறி எழுத்தையும் மறைத்துவிடும்.

கேள்வி: நான் ஊர்ப்புற நூலகர். நூல் வழங்குவது, கணக்கு, துடைப்பது, பூட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்த ஆசை இருக்கிறது. எப்படி நேரம் ஒதுக்குவது?
– சேர்வராயன் மலையடிவாரம்

பதில்: எல்லாவற்றையும் நீங்களே செய்ய முயலாதீர்கள், சகோதரி. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, முக்கால் மணி நேரம் போதும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதையைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரை அழைத்து வந்து உட்கார வையுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதட்டும். சின்னப் பிள்ளைகள் படம் வரையட்டும். தாள்களை நூல் கொண்டு தைத்து, எண் கொடுத்து, அடுக்கில் வையுங்கள். அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகாத வீடு அந்த ஊரில் இருக்காது. பாட்டி வர முடியாத வாரத்துக்கு, ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கு உரிமம் தடையில்லை. அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களின் பழைய பிரதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறலாம்.

வழங்கும் பதிவேட்டில் குழந்தைகளே தம் பெயரை எழுத விடுங்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரே ஆண்டில் ஒரே புத்தகத்தைப் பதினொரு முறை எடுத்திருந்தாள். முதல் கையெழுத்து கோணல் மாணலாக இரண்டு வரியைப் பிடித்திருந்தது. பதினொன்றாவது கோட்டுக்குள் நேராக நின்றது. ஏன் அதையே எடுக்கிறாய் என்று கேட்டேன். முதலில் தானே படித்ததாகவும், பிறகு தம்பிக்குப் படித்துக் காட்டியதாகவும், இப்போது காபித் தோட்டத்திலிருந்து வந்ததும் பாட்டி கேட்பதாகவும் சொன்னாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது. அப்போது உங்கள் நூலகத்துக்கு வரும் விருந்தினருக்கு இத்தகைய பதிவேட்டைக் காட்டி, இன்னொரு பணியாளர் வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.