தோப்பை விற்குமுன்: தண்டுவடக் காயம் பற்றிச் சில கேள்விகள்

தென்னை மரத்திலிருந்து விழுந்த என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டெம் செல் ஊசி நான்கு தடவை போட்டால் நடப்பான் என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். பல லட்சம் ஆகும். தோப்பை விற்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

விற்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. முறையான ஆய்வுக்கு வெளியே இந்த ஊசியைப் போடுவது அறமல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தன் 2017 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. ஆய்வு என்றால் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?" இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடுதான் சி.டி.ஆர்.ஐ. அந்த எண்ணை அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லாமல் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"போனால் பணம்தானே" என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. பணத்தோடு போகிற விஷயமில்லை இது. போர்ச்சுகலில் ஓர் இளம்பெண்ணுக்கு மூக்குச் சவ்வின் செல்களைத் தண்டுவடத்தில் வைத்தார்கள். கால்கள் மீளவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வலி தாங்காமல் வந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, தண்டுவடத்துக்குள் சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. செல்லை வைப்பது சுலபம், அது என்னவாக வளரும் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம்.

கை நரம்பு அறுந்தால் தைத்துச் சரிசெய்கிறார்களே, தண்டுவடத்துக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
– கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கேள்வி. இந்தத் துறையே இதிலிருந்துதான் தொடங்கியது. தண்டுவட நரம்பிழைக்கு வளரவே தெரியாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1981-ல் கனடாவில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். அந்தப் பாலத்துக்குள் இழைகள் வளர்ந்தன! வளரும் திறன் இருந்தது, சுற்றுப்புறம்தான் அதைத் தடுத்து வைத்திருந்தது. தடுக்கும் புரதங்களில் ஒன்றான நோகோ-ஏயை சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழு கண்டறிந்தது. அதை முடக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதித்த முடிவு 2024 இறுதியில் வெளிவந்தது. மொத்தக் குழுவாகப் பார்த்தால் பலனில்லை. காயம் முழுமையாக இல்லாத, அதாவது காயத்துக்குக் கீழே ஓரளவு உணர்வோ அசைவோ மிஞ்சியிருந்த சிலரிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன.

ஜப்பானில் ஒருவர் எழுந்து நின்றார் என்று படித்தோம். உண்மையா?
– வாசகி, திருச்சி

உண்மைதான். கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ குழு ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல்போல மாற்றியவை) நரம்புச் செல்களாக வளரக்கூடிய முன்னோடிச் செல்களை வளர்த்து, ஒருவருக்கு 20 லட்சம் செல்கள் வீதம் நான்கு பேருக்குச் செலுத்தியது. 2025 மார்ச்சில் அறிவித்தபடி, இருவருக்கு முன்னேற்றம். ஒருவர் துணையின்றி நின்று நடைப்பயிற்சி தொடங்கினார். மற்ற இருவருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நால்வருக்கும் காயம்பட்ட ஒரு மாதத்துக்குள்ளேயே சிகிச்சை நடந்தது. அந்த முதல் மாதங்களில் சிலருக்கு உடம்பு தானாகவே ஓரளவு மீளும். எனவே எது செல்லின் பலன், எது இயற்கையின் பலன் என்று நான்கு பேரை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் பழைய காயங்களுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

காயம்பட்டுப் பத்து வருஷம் ஆனவர்களுக்கு எதுவுமே இல்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இருக்கிறது ஐயா, மின்தூண்டல் வழியில். கழுத்துத் தண்டுவடத்துக்கு மேல் தோலிலேயே மின்முனை ஒட்டித் தூண்டியபடி கைப்பயிற்சி தரும் ஆய்வு 60 பேரிடம் நடந்து, 2024-ல் வெளியானது. 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் செயல்பாடும் கூடின. அடிபட்டு 34 ஆண்டு ஆனவர்கூடப் பலன் கண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா அக்கருவிக்கு அனுமதி தந்தது. ஆனால் இது காயத்துக்குக் கீழே ஓரளவு உணர்வோ அசைவோ மிஞ்சியிருப்பவர்களுக்கு. அதனால் உங்கள் மருத்துவரிடம் காயம் எவ்வளவு முழுமையானது என்பதைக் குறிக்கும் 'ஏஷியா கிரேடு' என்னவென்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையை மறுபடி மடக்கி டம்ளரைப் பிடிப்பது எத்தனை பெரிய விஷயம் என்பது இழந்தவர்களுக்குத் தெரியும்.

ஆராய்ச்சி பலிக்கும்வரை என் மகனை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– ஒரு தாய், தென்காசி

அம்மா, இதற்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். படுக்கைப்புண் இருந்தாலோ, மூட்டுகள் மடங்கி இறுகிப்போனாலோ பல ஆய்வுகளில் சேர்க்கவே மாட்டார்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மூட்டுகளைத் தினமும் முழுமையாக மடக்கி நீட்டுங்கள். உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காயம் நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ இருந்தால் இன்னொன்று. திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் அபாயமாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். அதைச் சரிசெய்தும் அடங்காவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.