அறுபது கன்னும் பச்சையாவே இருக்கு, தூக்கிப் போட்டுடலாமா?

கேள்வி: நானும் என் நாத்தனாரும் சேர்ந்து மூணு வருஷமா மாடில ப்ரோமிலியாட் (அன்னாசி குடும்பத்து அழகுச் செடி) வளக்கறோம். போன வருஷம் ஃபயர்பால்ங்கற சின்ன நியோரெஜிலியா (ப்ரோமிலியாட்ல ஒரு வகை) செடியோட பூவுல, புள்ளி போட்ட ஒரு பெரிய நியோரெஜிலியாவோட மகரந்தத்தை வச்சு நாங்களே கிராஸ் பண்ணோம். சமையல் முடிச்சிட்டு காலைல பத்து மணி வாக்குல பண்ணது. விதை போட்டு எட்டு மாசம் ஆச்சு, அறுபது கன்னும் வெறும் பச்சை. தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணலாம்னு நாத்தனார் சொல்றாங்க, எனக்கு மனசு வரல. ரெண்டு வாரமா சரியா பேசிக்கறது கூட இல்ல. என்ன பண்ண?
- தாம்பரம் வாசகி

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் கன்னு இருக்கற டப்பாவை யாரும் தொடாதீங்க. எட்டு மாசக் கன்னுல கலர் தேடறது ரொம்ப சீக்கிரம். விதைல இருந்து வர்ற நியோரெஜிலியா முழுசா வளர்ந்து தன் உருவத்தைக் காட்ட ரெண்டுல இருந்து நாலு வருஷம் கூட ஆகும், அதுலயும் கரோலினேங்கற நியோரெஜிலியா இனத்தோட வம்சம் கலந்திருந்தா நடு இலை செவக்கறதே பூக்கற நேரத்துலதான். அதனால இப்ப பச்சையா இருக்கறது தோல்வி இல்ல, அது வயசு.

ஆனா உங்க லெட்டர்ல என்னை உறுத்தினது அந்த பத்து மணிதான். நியோரெஜிலியா பூ, இலைங்க நடுவுல இருக்கற கிண்ணத்துத் தண்ணிக்குள்ள இருந்து தலைய நீட்டி விடிகாலைல விரியும், மத்தியானத்துக்குள்ள மூடிடும், ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. நிறைய ரகம் தன் மகரந்தத்துலயே காய் வச்சிடும். நீங்க பத்து மணிக்குப் போறதுக்குள்ள அதோட மகரந்தம் அதோட சூல்முடி மேலயே விழுந்திருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, எறும்பும் தேனீயும் வேற நடுவுல வேலைய முடிச்சிருக்கும். அப்படின்னா அறுபதுல பாதியோ முழுசுமோ வெறும் ஃபயர்பால் பிள்ளைங்களா இருக்கலாம். இப்ப கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு எதுல புள்ளி வருது, எது அம்மாவை விட பெருசா அகலமா வருதுன்னு பாருங்க, அதுதான் நெஜமான கிராஸ். எல்லாமே சின்னதா, அம்மா மாதிரியே வந்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அடுத்த தடவை இப்படி பண்ணுங்க. மொத நாள் சாயங்காலமே கிண்ணத்துத் தண்ணிய கொஞ்சம் கொறைச்சிடுங்க, விடியறப்ப பூ விரியறதுக்கு முன்னாடி இதழைப் பிரிச்சு, சின்ன ட்வீசர்ல மகரந்தப்பைய எல்லாம் எடுத்துடுங்க, பூ விரிஞ்சதும் அப்பா செடியோட மகரந்தத்தை சூல்முடில தடவிட்டு ஒரு வலைத்துணி போட்டு மூடுங்க. ஒருத்தர் பிடிச்சுக்க ஒருத்தர் தடவ, இது ரெண்டு பேர் வேலைதான். ரெண்டு செடியும் ஒரே சமயத்துல பூக்கலன்னா, நல்லா வளர்ந்த செடிய கிண்ணத் தண்ணிய கொட்டிட்டு, ஒரு பழுத்த ஆப்பிளோட பிளாஸ்டிக் பைல கட்டி நிழல்ல ஒரு வாரம் பத்து நாள் வைங்க. பழத்துல இருந்து வர்ற எத்திலீன் பூக்க வச்சிடும். அன்னாசித் தோட்டத்துல எத்திலீன் விடற எத்ரல் மருந்து ஊத்தறதும் இதுக்குத்தானே, அன்னாசியும் இதே குடும்பம்தான்.

உடனே லேபிள் எழுதுங்க. அம்மா பேர் முதல்ல, அப்பா பேர் அப்புறம், தேதி. மார்க்கர்ல எழுதினா நம்ம வெயிலுக்கு அழிஞ்சிடும், பென்சில்ல எழுதுங்க, இல்ல கூல்டிரிங்க்ஸ் டின்ன வெட்டி ஆணியால கீறுங்க. நான் லேபிள் தொலைச்ச ஒரு செடி இன்னைக்கும் என் மாடில அழகா இருக்கு, அதோட அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது, அது இன்னும் வலிக்குது.

உங்க நாத்தனார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கிராஸ் பண்றவங்க கடைசில பெரும்பாலான கன்னுகள கழிச்சுத்தான் ஆகணும், அறுபதுல மூணோ நாலோ தேறினாலே சந்தோஷம். வாழை மாதிரியேதான், தாய் ஒரு தடவை பூத்து முடிஞ்சா மெதுவா போயிடும், ஆனா பக்கக்கன்னு அச்சு அசலா தாய் மாதிரியே வரும். அதனால நல்ல ஒரே ஒரு செடி கெடைச்சா போதும், அதுலயே பெருக்கிக்கலாம். அவங்க தப்பு, கழிக்கற காலத்தை முன்னாடியே கொண்டு வந்ததுதான்.

இந்த பொழுதுபோக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி ஒண்ணு இருக்கு. ஃப்ளோரிடால ஆர்லாண்டோல இருந்த மல்ஃபோர்ட் ஃபாஸ்டர், அவர் மனைவி ரேசின். ரெண்டு பேரும் பிரேசில் காடெல்லாம் சேர்ந்து அலைஞ்சு செடி தேடினாங்க, ஒரு ப்ரோமிலியாட் இனத்துக்கு அந்தம்மா பேர்லயே ஈக்மியா ரேசினேன்னு பேர் வந்துச்சு. அப்புறம் அந்தச் செடியையே ஒரு பெற்றோரா வச்சு உண்டாக்கின கலப்புதான் ஒயின் கலர் இலையோட இருக்கற 'ஃபாஸ்டர்ஸ் ஃபேவரிட்'. 1950-ல ப்ரோமிலியாட் சொசைட்டி ஆரம்பிச்சப்ப முதல் தலைவரும் அவர்தான்.

வளர்ப்புல சில விஷயம். கன்னுக்கு உரத்தைக் கொட்டாதீங்க, தழைச்சத்து ஜாஸ்தியானா இலை நீண்டு பச்சையாவே நிக்கும். கலர் வெளிச்சத்துலதான் வரும், ஆனா சித்திரை மத்தியான வெயில்ல நேரா வச்சா இலை கருகிடும், 50 சதவீத ஷேட் நெட்டுக்குக் கீழ பழக்குங்க. போர் தண்ணி உப்பா இருந்தா இலைல வெள்ளை படியும், மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. அப்புறம் காப்பர் கலந்த பூஞ்சைமருந்தை கிட்டவே கொண்டு போகாதீங்க, ரோஜாவுக்கு அடிச்ச அதே ஸ்பிரேயர கழுவாம நான் இதுக்கும் அடிச்சு ஏழு செடி போச்சு. கிண்ணத்துத் தண்ணிய வாரம் ஒரு தடவை வேகமா ஊத்தி வெளிய தள்ளிடுங்க, கொசுப்புழு நிக்காது.

இப்ப உங்க சண்டைக்கு வர்றேன். அறுபதையும் எண்ணி முப்பது முப்பதா பிரிச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் ஒரே லேபிள். நாத்தனார் வீட்டு மாடில வெயில் வேற மாதிரி விழும், ஒரு பக்கம் பூச்சியோ அழுகலோ வந்தாலும் இன்னொரு பக்கம் பொழைச்சிருக்கும். அவங்க முப்பதை அவங்க எப்ப கழிக்கணும்னு நினைக்கறாங்களோ கழிக்கட்டும், ஆனா கழிக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும், நீங்களும் அப்படியே. பிரிக்கற சாக்குல இந்த ஞாயித்துக்கிழமை நீங்களே டப்பாவைத் தூக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போங்களேன்.